நாலு ஊமத்தம்பூ

என் கை இப்போது வேப்பெண்ணெயில் இருக்கிறது. நாலு துணி உறை. ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் வாயை மூடுகிற அளவு, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. ஒன்றை எடுத்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பச்சைக்குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி மெதுவாகத் துணிக்குள் ஏற்றி, மிச்சத்தைப் பிழிந்து, பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மாதம் ஒரு தடவை இந்த வேலை. தள்ளிப்போட்டால் அந்த எஞ்சின் சிணுங்க ஆரம்பிக்கும், அது சிணுங்கினால் எங்கள் சந்து முனையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசம் முதலில் கொஞ்சம் மெலியும், அப்புறம் மாரியம்மன் கோயில் கற்பூரம் மெலியும், அப்புறம் ஜைனம்பு அக்கா பஜ்ஜிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஷெட் பக்கம் திரும்பி, எண்ணெய் போட்டாயா இல்லையா என்று சந்துக்கே கேட்கிற மாதிரிக் கேட்பாள். அவள் கேட்கும்வரை நான் வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் சந்து கணபதி என்கிற பகுதியில் வார்ப்படப் பட்டறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. ஒரு பக்கம் பட்டறை மணலில் கலக்கிற வெல்லப்பாகு கருகும் வாசம், ஒரு பக்கம் மூடாத சாக்கடை, நடுவில் காப்பித்தூள் கடை, பஜ்ஜிக் கடை, லேத்துப் பட்டறை, கோயில், எங்கள் ஷெட். ஷெட்டில் எங்கள் வீட்டுக்காரர் துளசிமணி ரேஸ் கார் எஞ்சின்களைப் பிரித்துப்போட்டு வேகம் ஏற்றிக் கட்டுவார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் வீடு. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, பூப்போட்ட திரைத்துணிதான். ஆட்கள் வந்தால் நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்துகொள்வேன். வெளியாட்கள் ஏதாவது கேட்டால் எனக்கு வார்த்தை தொண்டைவரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஏழாம் வகுப்போடு நின்றதால் என்று அம்மா சொல்வாள், அதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் அந்த ஷெட்டைவிட்டுப் போன எஞ்சின் எதுவும் என் கை படாமல் போனதில்லை. இரண்டு இரும்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கட் தாளை வெட்டுவது நான்தான். தாளை இரும்பின் மேல் போட்டு, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்போடு விளிம்பாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், இலையில் தட்டின வடையில் விரல் பதிகிற மாதிரி ஓட்டை தானாக விழுந்துவிடும். அப்புறம் சுண்டுவிரல் வேலை. காற்று உள்ளே போகிற குழாய் எஞ்சினின் தலையோடு சேருகிற இடத்தில் நூல் அளவு படி இருந்தாலும் காற்று தடுக்கி விழும் என்பார் அவர். அவர் விரல் தடிமன், அந்த வளைவுக்குள் போகாது. நான் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து மேல்பக்கம் தட்டுகிறது என்று சொல்ல, அவர் அரத்தால் ராவ, நான் மறுபடி விட்டுப் பார்க்க, இப்படியே ஒரு சாயங்காலம் போகும். எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லாமல் போனதற்கும், அது ஒரு குறையாகத் தெரியாமல் போனதற்கும் அந்த வேலைதான் காரணம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்கு முன்னால், நூல் மில்காரர் வீட்டு நந்தகோபால் தம்பி தன்னுடைய சின்னக் காரைக் கொண்டுவந்து விட்டார். ஜெயித்துக் கொடுத்தால் தன் அணியில் இருக்கிற ஆறு காரும் இந்த ஷெட்டுக்குத்தான் வரும் என்று சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

எஞ்சினுக்கு ஒரு மூக்கு போதும் என்றுதான் செய்தவர்கள் செய்திருந்தார்கள். ஒரே குழாயில் நாலு வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற மாதிரி நாலு சிலிண்டரும் முறை வைத்து அதன் வழியாக மூச்சு இழுக்கும். ரேஸுக்கு அது காணாது, சிலிண்டருக்கு ஒரு மூக்கு வேண்டும். எதிர் லேத்துப் பட்டறை ஆரோக்கியதாஸ் அண்ணன் அலுமினியத்தைக் கடைந்து நாலு குழல் செய்துகொடுத்தார். அடியில் ஒடுங்கி, வாயில் விரிந்து, விளிம்பு வெளியே மடிந்து, பார்த்தால் ஊமத்தம்பூ. கடைகளில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். எங்கள் சந்தில் அதன் பெயர் ஊமத்தம்பூ என்றே ஆகிப்போனது. ஒன்பது நாள் அரமும் சுண்டுவிரலுமாக உட்கார்ந்து, குழலும் குழாயும் கேஸ்கட்டும் தலையும் எங்கே சேருகின்றன என்று என் விரலுக்கே தெரியாத அளவுக்குச் சேர்த்தோம்.

குழல் வாய்க்கு மாட்டுகிற நுரை உறை மட்டும் சென்னையில் இருந்து வரவில்லை. பட்டறை மணல் பறக்கிற சந்தில் வாயைத் திறந்துபோட்டு எஞ்சினை ஓட்டினால் மணலை விழுங்கி உள்சுவர் கீறிவிடும். நன்றாக வெளுத்த மெல்லிசான பருத்தித் துணி இருந்தால் இப்போதைக்கு நாலு உறை தைத்துக் கொடு என்றார். அப்படி ஒரு துணி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாப்பா பிறந்ததில் இருந்து நாலு மாதமாகத் தூளி கட்டியிருந்த என் பச்சைச் சேலை. தூளிக்குப் புதுத்துணி கட்டமாட்டோம், பெற்றவள் கட்டின சேலையைத்தான் கட்டுவோம். அப்போதுதான் அவள் அடுப்படியில் இருந்தாலும் குழந்தை அவள் மடியில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கும். முடிச்சுக்கு மேலே முந்தானை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரித்துத் தைத்துக் கொடுத்தேன். துவைத்துவிட்டுத் தைத்திருக்க வேண்டும், அவசரத்தில் துவைக்கவில்லை. அந்தக் கதையில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான், அதுவும் பெரிய தப்பு என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

புதன்கிழமை நாலரை மணிக்கு எஞ்சினைக் கிளப்பினார். முதலில் இருமியது, அப்புறம் ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்தது, அந்த இழுப்பில் முதலில் தூளியும் நானும் போனோம், பின்னாலேயே ஷெட்டில் இருந்த பெட்ரோல் வாசமும் கிரீஸ் வாசமும் போயின, அதன் பின்னால் ஜைனம்பு அக்காவின் சட்டியில் இருந்து வெங்காயம் எழுந்து சந்தைக் கடந்து வந்து நாலு ஊமத்தம்பூவுக்குள்ளும் சமமாகப் பிரிந்து நுழைந்தது, காப்பி நுழைந்தது, கற்பூரமும் விபூதியும் நுழைந்தன, வெல்லப்பாகு நுழைந்தது, மாட்டுக்கொட்டகையும் துவைத்த துணியும் பூக்காரியின் கூடையும் நுழைந்தன, கடைசியில், கூப்பிடாத விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி, சாக்கடையும் உள்ளே போனது. ஐந்து மணிக்கு எங்கள் சந்தில் எந்த வாசமும் இல்லை. எஞ்சின் அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. வாசம் கலந்த காற்று கனமாக இருக்கும், அதனால் இழுப்பு கூடியிருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் அண்ணனிடம் விளக்கினார், அண்ணன் அது நியாயம்தான் என்றார்.

நந்தகோபால் தம்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இது மிதித்தால் போகிற வண்டி இல்லை, தானாகத் தேடிக்கொண்டு போகிற வண்டி என்றார். பூ மார்க்கெட் பக்கம் திரும்பினால் காலை எடுத்த பிறகும் ஓடுகிறதாம், மில் கேண்டீனைத் தாண்டும்போது ஒரு கியர் கூடவே இருக்கிற மாதிரி இருக்கிறதாம். ரேஸுக்குப் பதினோரு நாள் இருந்தது. காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் சந்துக்குக் கொண்டாட்டம். எட்டு வருஷமாகச் சாக்கடைக்கு மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வார்டு அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்து, மூக்கை நீட்டிப் பார்த்து, புகார் தீர்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சாக்கடை அப்படியேதான் இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்துத் தெருக்காரர்கள் வேண்டாத வாசங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எலி செத்த பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு அக்கா தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாலு குழலுக்கும் எதிரே நிறுத்தி ஊதச் சொன்னாள். அவர் ஊதினார், குடித்த வாசம் போய்விட்டது, ஆனால் குடித்த ஆள் அப்படியேதான் நின்றார், அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சரோஜினி டீச்சர் இறந்துபோன தன் கணவரின் சட்டை ஒன்றை மூன்று பாலிதீன் பைகளுக்குள் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். இந்த வாசம் அலமாரியில் இருக்கிறவரைக்கும் தனக்குத் தூக்கம் வராது என்றார். எஞ்சினுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்த்தார், இரண்டாவதை அவிழ்த்தார், மூன்றாவதின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு மூன்று முடிச்சையும் மறுபடி போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அப்புறம் சின்னச் சின்னதாக வேறு வேறு வந்து சேர்ந்தன. திரிந்த பாலைக் குடித்த பிறகுதான் திரிந்தது தெரிந்தது. கேஸ் கசிந்தால் தெரியாது என்று வீட்டுக்கு வீடு சோப்பு நுரையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். கோயில் பூசாரி, அம்மனுக்குக் கற்பூரம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தடவை கூடுதலாக மணி அடித்தார். ஜைனம்பு அக்காவின் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் நிற்காமல் போனார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றம் இல்லை, பஜ்ஜி வேகிறது என்று அவர்கள் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாசம் போனால் என்ன, எனக்கு வாய் இருக்கு என்று அவள் வாழைக்காயையும் மிளகாயையும் பெயர் சொல்லிக் கூவி விற்றாள், இரண்டு நாளில் குரல் கட்டிக்கொண்டது. எட்டு வருஷமாக எங்கள் சந்தில் கிடந்த செவலை நாய் ஒவ்வொருவரையும் முதல்முறை பார்க்கிற மாதிரிப் பார்த்துக் குரைத்தது, கடைசியில் தன் வாலைப் பார்த்தும் குரைத்தது.

ஆனாலும் யாரும் எஞ்சினைக் குறை சொல்லவில்லை. ரேஸ் முடிந்ததும் கார் போய்விடும், போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். காரோடு சேர்ந்து வாசமும் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வாசம் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்தது. பாப்பா தூங்கி எழுந்து அழுதாள். எடுத்து மடியில் போட்டேன். வாயைத் திறந்துகொண்டு வந்தவள், பக்கத்தில் வந்ததும் நின்று, தலையைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன், அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கிற மாதிரி, மரியாதையாக, கொஞ்சம் பயந்து. நாலு மாதக் குழந்தை முகத்தைப் பார்த்தா அம்மாவை அறிகிறது? அவளுக்கு அதுவரை நான் என்பது ஒரு வாசம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. அவள் உச்சந்தலையை நான் முகர்ந்து பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அவள் யாரோ பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது.

பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றினேன். நான் ஊட்டினாலும் ஜைனம்பு அக்கா ஊட்டினாலும் ஒரே மாதிரிதான், நாலு சொட்டு உள்ளே, பாதி வெளியே. டாக்டர் அம்மா வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார். எடைச் சீட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு மட்டும் மடங்கிக் கீழே இறங்கியது. தாராபுரத்தில் இருந்து மாமியார் போனில் கண்பட்டிருக்கும், சுற்றிப் போடு என்றார். மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டால் நெடி வருகிறதா என்று பார்த்துத்தானே சொல்ல முடியும். எங்கள் சந்தில் எந்த மிளகாய்க்கும் நெடி இல்லை. எனக்கு மார் கட்டிக்கொண்டு கல்லாகக் கனத்தது. அவள் அழுவதையும் குறைத்துக்கொண்டாள். தூளியில் போட்டால் அந்தப் பச்சைத் துணியை ஒரு கையால் பிடித்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாள், மறுபடி பிடிப்பாள், மறுபடி விடுவாள். எதையோ எங்கேயோ வைத்துவிட்டு மறந்தவர்கள் மாதிரி.

ஒன்பதாம் நாள் ஜைனம்பு அக்கா அவளை மடியில் வைத்துக்கொண்டு காலைத் தடவிப் பார்த்தாள். தொடையில் மடிப்பு போயிருந்தது. கட்டின குரலில், ரொம்ப மெதுவாகச் சொன்னாள், "இவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லடி வஞ்சி. நீ யாருன்னு தெரியல, அம்புட்டுத்தான்."

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்வதற்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு வந்தவர்தான், ஆனால் வரும்போதும் போகும்போதும் அவர் காது அந்த எஞ்சினிடம்தான் இருந்தது, பதினைந்து வருஷமாக அடுத்தவர் ஷெட்டில் குனிந்து வேலை பார்த்தவருக்கு நிமிர்ந்து நிற்க அது ஒன்றுதான் வழி என்று எனக்கும் தெரியும்.

"ஏனுங்க," என்றேன். "பாப்பா என்னைத் தேடறா. நான் இங்க இல்லீங்க. அந்த எஞ்சினுக்குள்ள இருக்கறேன்."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

சனிக்கிழமை காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழாயை இறுக்கியிருந்த எட்டு நட்டும் கழன்று வந்தன. குழாய் வரவில்லை. தட்டினார், நெம்பினார், ஆரோக்கியதாஸ் அண்ணனும் வந்து பிடித்து இழுத்தார். ஒரு பிடிப்பும் இல்லாமல் அது எஞ்சின் தலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, எங்கேயாவது இடுக்கு தெரிகிறதா பார் என்றார். நான் ஒரு உறையைக் கழற்றிவிட்டுச் சுண்டுவிரலை விட்டேன். இடுக்கு இல்லை, படி இல்லை. எஞ்சின் நின்று பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது, ஆனாலும் குழலுக்குள் என் விரல் நுனியை ஏதோ மெதுவாகப் பிடித்து இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். பல் முளைக்காத ஈறு, தூக்கத்தில், பசிக்காக இல்லாமல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறதற்காக இழுக்கிற இழுப்பு.

எனக்கு அதன் மேல் கோபமே வரவில்லை. பிறந்த அன்றைக்கே என் சேலையை முகத்தில் போர்த்தி மூச்சுவிட வைத்தால் அது வேறு யாரை அம்மா என்று நினைக்கும். முதல் மூச்சில் நான் கிடைத்தேன், அப்புறம் காற்றில் வந்ததெல்லாம் நான்தான் என்று அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கி எடுக்க முடியாது. பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.

நட்டையெல்லாம் திரும்ப மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

அதற்குள் காரை எடுத்துப்போக நந்தகோபால் தம்பி வந்துவிட்டார், கூட இரண்டு பேர். காரைப் பார்க்கப் பாதிச் சந்து வந்து வாசலில் நின்றது. நான் திரைக்கு இந்தப் பக்கம் போத்தலோடு நின்றேன். ஆட்கள் இருக்கும்போது அந்தத் திரையை நான் தாண்டினதில்லை. பாப்பா ஜைனம்பு அக்காவின் தோளில் கிடந்தாள், தலை தொங்கியிருந்தது, தூக்கமா சோர்வா என்று தெரியாத மாதிரி. திரையை விலக்கிக்கொண்டு போனேன். நாலு உறையையும் கழற்றி, இதோ இப்போது செய்கிற மாதிரி, ஒவ்வொன்றாக எண்ணெய் ஏற்றினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் காது சுட்டது.

அவங்க என்ன செய்யறாங்க என்று நந்தகோபால் தம்பி கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"பால் மறக்கடிக்கணும் தம்பி," என்றார் அவர். "ரெண்டு நிமிஷம் நில்லுங்க."

விஷயம் தெரிந்ததும் அந்தத் தம்பி கும்பிடாத குறையாகக் கேட்டார். "நாளைக்கு ரேஸ் முடியட்டுங்கண்ணா. ஒரே ஒரு நாள். அப்புறம் நீங்க எதை வேணா ஊத்துங்க."

வார்த்தை என் தொண்டைக்கு வந்தது. அன்றைக்கு அது உட்காரவில்லை.

"அந்த ஒரு நாளை அவகிட்டக் கேளுங்க," என்று பாப்பாவைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஜைனம்பு அக்கா பாப்பாவின் காலை, மடிப்புப் போன அந்தத் தொடையை, பாவாடையை விலக்கிக் காட்டினாள். அவர் இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

உறைகளை மாட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பி, எப்போதும்போல ஆசையாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது.

நின்றுவிட்டது.

நாலு ஊமத்தம்பூவும் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நாலு வாயும் திறந்திருந்தன. ஒரு நொடிதான் இருக்கும். நம்பின ஒன்று கசந்துபோனால் எந்த முகமும் அப்படித்தான் ஆகும் போல.

அப்புறம் அது துப்பியது. நாலு உறையும் தெறித்துக் கூரைத் தகரத்தில் அடித்து விழுந்தன, அதன் பின்னால் முதலில் வந்தது சாக்கடைதான், முதல் நாள் கடைசியாகப் போனவன் முதலில் வந்தான், வாசலில் நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்தினபடியே சிரித்தார்கள், பின்னாலேயே எலி செத்த பீரோவும் குடித்த ஆளின் மூச்சும் வந்தன, பூக்கூடையும் மாட்டுக்கொட்டகையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன, வெல்லப்பாகு வந்தது, மில் கேண்டீன் சாம்பார் வந்தது, விபூதியும் கற்பூரமும் வந்தன, கோயிலில் பூசாரி மணியை நிறுத்தினார், காப்பி வந்தது, பதினோரு நாள் வெங்காயமும் ஒரே நேரத்தில் வந்தது, செவலை நாய் ஊளையிட்டுக்கொண்டு சந்தை மூன்று தடவை சுற்றி ஓடிவந்து ஆரோக்கியதாஸ் அண்ணனின் காலில் விழுந்தது, பெட்ரோலும் கிரீஸும் வந்தன, எல்லாம் வந்து முடிந்து எஞ்சின் அடங்கின பிறகு, கடைசியாக, சத்தமே இல்லாமல், வசம்பும் சாம்பிராணியும் புளித்த பாலும் வேர்வையும் கலந்து பழைய பச்சைச் சேலை ஒன்று வெளியே வந்தது.

அது என்ன என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. பாப்பாவின் தலை தோளில் இருந்து எழுந்தது. மூக்கைச் சுருக்கினாள். கண்ணை மூடிக்கொண்டே, எங்கே எங்கே என்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள், திருப்பிக்கொண்டே வந்து என் பக்கம் வந்ததும் நின்றாள். பதினோரு நாள் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதாள். அவளை வாங்கிக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அவள் குடிக்கிற சத்தம் ஷெட்வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை.

மறுநாள் அந்தக் கார் மற்ற கார்கள் ஓடுகிற மாதிரி ஓடியது. நாலாவதாக வந்தது. ஆறு காரும் எங்களுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். ஐந்து மாதம் கழித்து நந்தகோபால் தம்பி திரும்ப வந்தார். நடுவில் எத்தனையோ எஞ்சின் உடைந்துபோயின, இது மட்டும் உடையவில்லை என்றார், அதே காரை இங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனார், கூட இன்னொன்றையும் விட்டார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வாசங்கள் எல்லாம் அவரவர் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒரு மாதத்துக்கு அம்மன் கோயிலில் பஜ்ஜி வாசம் வந்தது, அம்மனுக்கு அது பிடித்திருந்தது என்று பூசாரி சொன்னார். லேத்துப் பட்டறையில் பச்சைக்குழந்தை வாசம் வந்து, ஆரோக்கியதாஸ் அண்ணன் இரும்பைக் கொஞ்சம் மெதுவாகக் கீழே வைக்கப் பழகினார். வார்டு அலுவலகத்துக்காரர் மறுபடி வந்து புகாரைப் புதிதாக எழுதிக்கொண்டு போனார். சரோஜினி டீச்சர் முடிச்சை அவிழ்த்து சட்டையை அலமாரியிலேயே மாட்டிவைத்திருப்பதாகக் கேள்வி.

உறைகளை நான் தூக்கிப்போடவில்லை. நுரை உறை வந்தும் எஞ்சின் அதைப் போட்டால் மூச்சு திணறுகிறது, இந்தத் துணிதான் வேண்டும் என்கிறது. துணி இருக்கட்டும், கசப்பும் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. நடக்கிறாள், ஓடுகிறாள், ஸ்பேனர் எடுத்து அப்பாவிடம் கொடுக்கிறாள், வந்து என் முந்தானையை விலக்குகிறாள். இன்னுமா குடிக்கிறாள் என்று மாமியார் போன் போடும்போதெல்லாம் கேட்கிறார். ஜைனம்பு அக்காகூடக் கேட்கிறாள், எஞ்சினுக்கே மறக்கடித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று. அவர்கள் சொல்வதும் சரிதான். எண்ணெய் பக்கத்தில்தான் இருக்கிறது, கையும் எண்ணெயில்தான் இருக்கிறது, ஒரு சொட்டை எனக்கும் தடவிக்கொண்டால் முடிந்தது. காலையில் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு நொடி, நாலு வாயும் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதே, இரும்புக்கே முகம் அப்படி ஆகுமென்றால் இவள் முகம் எப்படி ஆகும், ஒருமுறை என்னைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தவள் இவள், இவளுக்குப் போய் நான் கசந்தால்

எழுந்துவிட்டாள். தூளிக்குள் இருந்து கையை நீட்டிக் கூப்பிடுகிறாள். வந்துட்டேன் சாமி, இறங்காத, இரு, இந்தக் கையோட உன்னைத் தொடக் கூடாது, சீயக்காயை எங்கே வைத்தேன், ரெண்டு தடவை நல்லாக் கழுவிட்டு வந்து உன்னைத்